மூன்றாவது தட்டுக்கு முன்: மல்யுத்த ஆட்டங்களின் முடிவை எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொழில்முறை மல்யுத்த நிறுவனங்களில் ஆட்டங்களை வகுக்கும் புக்கர்களுக்கும், திரைக்குப் பின்னால் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நேரம் பார்க்கும் தயாரிப்பாளர்களுக்கும், ரிங்குக்குள் வயிற்றால் சறுக்கிவந்து மேட்டை (ரிங்கின் தரையை) தட்டும் நடுவர்களுக்கும்,

வணக்கம்.

யார் ஜெயிப்பது என்பதை முன்கூட்டியே நீங்கள் தீர்மானிக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். அதில் எங்களுக்குக் குறையில்லை. கூத்து பார்க்கப் போனவர், துரியோதனன் நிஜமாகச் சாகவில்லையே என்று சண்டைக்கு நிற்பதில்லை. எங்கள் வருத்தம் வேறு. தோற்றவர் எதனால் தோற்றார் என்று காட்டாமலே மணியை அடித்துவிடுகிறீர்கள். 20 நிமிடம் ஒருவர் முழங்காலையே குறிவைத்து உடைக்கிறார். கடைசியில் அந்த முழங்காலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு அடி, ஒரு கவர் (எதிராளியின் தோள்களை மேட்டில் அமுக்குவது), நடுவரின் மூன்று தட்டு, வென்றவரின் இசை. அந்த 20 நிமிடமும் எதற்காக? ஆட்டத்தின் முடிவு என்பது ஒரு தீர்ப்பு. தீர்ப்புக்குக் காரணம் எழுதித்தான் ஆக வேண்டும்.

நல்ல காரணம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரே ஒரு முடிவைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1996 நவம்பர் 17, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம், சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சி. ஸ்டீவ் ஆஸ்டின் பின்னாலிருந்து பிரெட் ஹார்ட்டின் கழுத்தை மில்லியன் டாலர் ட்ரீம் பிடியில் இறுக்குகிறார். இருவரும் மூலைக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஹார்ட் கால்களை டர்ன்பக்கிள் மெத்தையில் ஊன்றி ஒரு எக்கு எக்குகிறார். இருவரும் மல்லாக்கச் சரிகிறார்கள். ஆஸ்டின் அடியில், ஹார்ட் அவர் மார்பின் மேல். ஆஸ்டினின் இரண்டு தோள்களும் மேட்டில் படிந்திருக்கின்றன, கைகளோ இன்னும் ஹார்ட்டின் கழுத்தில். பிடியை விட்டிருந்தால் ஒரு தோளைத் தூக்கியிருக்கலாம். விடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. ஆஸ்டினைத் தோற்கடித்தது ஆஸ்டினின் பிடிவாதம். அந்தப் பாத்திரத்தின் பலம் எதுவோ அதுவே அவரைக் கவிழ்த்தது. இன்னொரு அடுக்கும் உண்டு: 1992 ஏப்ரல் 5-இல் ரெஸில்மேனியா 8 என்ற ஆண்டுப் பெருநிகழ்ச்சியில் ராடி பைப்பரின் ஸ்லீப்பர் என்ற கழுத்துப் பிடியிலிருந்து ஹார்ட் தப்பியதும் இதே போல மூலையில் காலை ஊன்றித்தான். நான்கரை ஆண்டு கழித்து அதே கணக்கை மறுபடி போட்டார். ஞாபகம் வைத்திருந்த பார்வையாளருக்கு அது தனிப் பரிசு. ஞாபகம் இல்லாதவருக்கும் ஒன்றும் குறையவில்லை. ஹார்ட் புத்திசாலி என்பது நிலைத்தது, ஆஸ்டின் சளைத்தவர் என்பது எங்கும் சொல்லப்படவில்லை. நான்கே மாதத்தில் இருவரையும் மறுபடி மோதவிட்டபோது அதைப் பார்க்க ஆட்கள் துடித்தார்கள்.

ஃபினிஷர் (ஆட்டத்தை முடிக்கவே ஒருவர் வைத்திருக்கும் தனி அடி) எதுவும் இல்லாமல் முடிந்த ஆட்டங்களில்தான் இந்தக் கைவேலை தெளிவாகத் தெரிகிறது. 1992 ஆகஸ்ட் 29, வெம்ப்ளி மைதானத்தில் சுமார் 80,000 பேர் முன்னால் பிரெட் ஹார்ட், பிரிட்டிஷ் புல்டாக்கின் தலைக்கு மேல் தாவி சன்செட் ஃபிளிப் போடுகிறார். புல்டாக் பின்னுக்குச் சாயாமல் அப்படியே உட்கார்ந்து, ஹார்ட்டின் கால்கள் இரண்டையும் கைக்குள் அணைத்துக்கொள்கிறார். ஹார்ட்டின் இடுப்பு மேலே தூக்கிக்கொள்ள, அவர் எடையே அவர் தோள்களை அழுத்துகிறது. 1994 மார்ச் 20, ரெஸில்மேனியா 10: தோளில் ஏறி விக்டரி ரோல் போடவந்த அண்ணன் பிரெட்டை, தம்பி ஓவன் அப்படியே கீழே உட்கார்ந்து அமுக்கிவிட்டார். இரண்டிலும் தோற்றவர் தானே தொடங்கிய உத்தியில்தான் விழுந்தார். திடீர் பின்ஃபாலுக்கு (தோள்களை அமுக்கி மூன்று எண்ணி வெல்வதற்கு) இதைவிட நேர்மையான காரணம் கிடைக்காது.

ஆனால் இதைச் செய்வதற்கு நுணுக்கம் வேண்டும். மேலே இருப்பவரின் எடை முன்னால், எதிராளியின் இடுப்புக்கு மேல் விழ வேண்டும். பின்னால் சாய்ந்தால் அவர் தோளே மேட்டைத் தொடும். அப்புறம் யாருக்கு எண்ணுகிறார் நடுவர்? கீழே இருப்பவரின் கைகள் எங்கே இருக்கின்றன என்பது அதைவிட முக்கியம். இப்போது வாரம்தோறும் நாங்கள் பார்க்கும், எதிராளியைச் சுருட்டி அமுக்கும் ரோல்-அப்பில், கீழே கிடப்பவரின் இரண்டு கையும் சும்மா மேட்டில் பரப்பிக் கிடக்கின்றன. தள்ளக்கூட முயல்வதில்லை. மூன்று தட்டு விழுந்த மறுநொடி துள்ளி எழுந்து “அட!” என்று தலையைப் பிடித்துக்கொள்கிறார். அந்தத் துள்ளலை இரண்டாவது தட்டிலேயே தொடங்கச் சொல்லுங்கள். கால்கள் உதற வேண்டும், இடுப்பு நெளிய வேண்டும், அரை நொடி தாமதமாகிவிட்டது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். 1990 ஏப்ரல் 1, டொரன்டோ ஸ்கைடோமில் அல்டிமேட் வாரியரிடம் ஹல்க் ஹோகன் தோற்றது அப்படித்தான். ஹோகனின் லெக் டிராப் (குதித்துக் காலால் விழுந்து அடிப்பது) குறி தப்பியது, வாரியர் மேலிருந்து விழுந்தார், மூன்றாவது தட்டு விழுந்ததும் ஹோகனின் தோள் எழுந்துவிட்டது. தோற்றும் ஹோகன் சிறுக்கவில்லை. அந்தக் கணம்தான் காரணம்.

இனி எங்கள் பெரிய புகாருக்கு வருகிறோம்: ஃபினிஷரைத் தாங்கி எழுவது.

இரண்டே முக்காலில் தோளைத் தூக்குவது ஒரு கலை, அதன் கணக்கு சின்னது. இரண்டாவது தட்டு விழுந்து நடுவரின் கை மேலே போகும்போது தோள் அசையத் தொடங்க வேண்டும். கை இறங்கிவரும் வழியில் தோள் மேட்டை விட்டுப் பிரிய வேண்டும். கை மேட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது பிரிந்தால் அரங்கமே மூச்சை இழுக்கும். பிந்தினால் நடுவர் அந்தரத்தில் கையை நிறுத்த வேண்டிவரும். தோள் இன்னும் மேட்டில், கை காற்றில்: இதை ஒரு முறை பார்த்தவர் அந்த நடுவரின் எண்ணிக்கையை மறுபடி நம்ப மாட்டார். நடுவர்களே, தோள் எழாவிட்டால் மூன்றாவது தட்டை அடித்துவிடுங்கள். எழுதிவைத்த முடிவு கெட்டால் கெடட்டும். உங்கள் கையின் தாளம் முதல் நிமிடம் எப்படி இருந்ததோ அப்படியே கடைசிவரை இருக்க வேண்டும். இது முடிவு இல்லை என்று தெரிந்த கவருக்கு மெதுவாகவும், முடிவு வந்ததும் சுறுசுறுப்பாகவும் தட்டும் நடுவர் எத்தனையோ பேர். அதைக் கவனித்தாலே போதும், இரண்டாவது தட்டிலேயே எங்களுக்கு விடை தெரிந்துவிடும்.

ரெஸில்மேனியா 25, 2009 ஏப்ரல் 5, ஹூஸ்டன். எதிராளியைத் தலைகீழாகப் பிடித்து முழங்காலில் இறங்கும் அண்டர்டேக்கரின் ஃபினிஷரான டூம்ஸ்டோன் பைல்டிரைவரை வாங்கிய ஷான் மைக்கேல்ஸ் தோளைத் தூக்கினார். கேமரா அண்டர்டேக்கரின் முகத்துக்குப் போனது. விரிந்த கண்கள். அந்த முகத்துக்கு அவ்வளவு விலை இருந்ததற்குக் காரணம், டூம்ஸ்டோனிலிருந்து எழுவது அன்று அத்தனை அரிது. இன்று ஒரு சாதாரண வாரநாள் ஆட்டத்தில் இரண்டு பேரும் தலா இரண்டு ஃபினிஷர் வாங்கிவிட்டு எழுகிறார்கள். பிறகு பெரிய மேடைக்கு என்ன மிச்சம்? மூன்று போட வேண்டியிருக்கிறது, நான்கு போட வேண்டியிருக்கிறது. நீங்களே அடித்த நோட்டு, நீங்களே மதிப்பைக் குறைத்தது.

அந்த ஹூஸ்டன் ஆட்டம் எப்படி முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய ஃபினிஷர் வீணான பிறகும் முடிவை எப்படிக் காப்பாற்றலாம் என்பதற்கு அது பாடம். டூம்ஸ்டோன் ஒரு முறை பலிக்கவில்லை. மைக்கேல்ஸின் சூப்பர்கிக்கும் அண்டர்டேக்கரை முடிக்கவில்லை. மைக்கேல்ஸ் மூலையில் ஏறி, முதுகைக் காட்டி, மூன்சால்ட் என்ற பின்குட்டிக்கரணம் குதிக்கிறார். கீழே கிடக்க வேண்டியவர் நின்றுகொண்டிருக்கிறார். குதித்தவரை அந்தரத்திலேயே பிடித்து, அதே பிடியில் திருப்பி, இரண்டாவது டூம்ஸ்டோன். மூன்று. அடி பழையது, ஆனால் அது வந்த வழி புதிது: மைக்கேல்ஸ் தானாகப் பறந்துபோய் அவர் கைகளில் விழுந்தார். இதை எழுதியவர் அடியைப் பெரிதாக்கவில்லை, காரணத்தைப் பெரிதாக்கினார். கூடவே அந்தப் பிடியின் ஆபத்தும் நினைவிருக்கட்டும். கண்ணால் காணாமல் பின்னோக்கிக் குதிக்கும் ஒருவரைப் பிடித்து, தலைகீழாக்கி, தலை முழங்காலுக்கு மேலே தொடைகளுக்கு நடுவில் அடங்கும்படி சரிசெய்த பிறகுதான் முழங்காலில் இறங்க வேண்டும். அந்தச் சரிசெய்யும் ஒரு நொடியை யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

சேமித்துவைப்பது எப்படி என்பதை ஜப்பானில் பார்த்தோம். 2017 ஜனவரி 4, டோக்கியோ டோம்: கஸுச்சிகா ஒகாடாவும் கென்னி ஓமேகாவும் 46 நிமிடத்துக்கு மேல் மோதினார்கள். ஓமேகா தன் ஃபினிஷரான ஒன்-விங்டு ஏஞ்சலைப் போட முயன்றுகொண்டே இருந்தார், ஒரு முறைகூட விழவில்லை. தோற்றார். ஜூன் 11, ஒசாகா: விழுந்தது, ஆனால் ஒகாடாவின் கால் கயிற்றில் பட்டுவிட்டது. 60 நிமிடம் முடிந்து ஆட்டம் சமன். அதே ஆகஸ்டில் ஜி1 தொடரில் அது சரியாக விழுந்தது, ஒகாடா எழவில்லை. பட்டம் கைமாறியதோ 2018 ஜூன் 9-இல், மூன்றில் இரண்டு வெல்ல வேண்டிய ஆட்டத்தில், அதே அடியால். 17 மாதத்தில் அந்த அடியை ஒகாடா “தாங்கினார்” என்று ஒரு முறைகூட எழுதவில்லை. தப்பிக்க வைக்க வேண்டுமா, கயிறு இருக்கிறது. கயிறு தொட்டதால் எண்ணிக்கை நின்றால் அடியின் மானம் போகாது. இவ்வளவு எளிய கருவியைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் ஒவ்வொரு வாரமும் தோளையே தூக்கவைக்கிறீர்கள்?

சப்மிஷன் (பிடியின் வலி தாங்காமல் தட்டிச் சரணடைவது) முடிவுகளில் இதே கயிறு வேறு விதமாகக் காலை வாரும். 20 அடி ரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நட்டநடுவிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கயிறு ஏறக்குறைய 10 அடி. கால்களை மடக்கி முதுகை வளைக்கும் ஷார்ப்ஷூட்டர் பிடியில் குப்புறக் கிடப்பவரின் இடுப்பு நடுமையத்தில் இருந்தால், தலைக்கு மூன்று அடி, நீட்டிய கைக்கு இன்னும் இரண்டு அடி; கைக்கும் கயிற்றுக்கும் நடுவே ஐந்து அடிதான் மிச்சம். ஆள் ஒரு முறை ஊர்ந்தாலே பாதி கழிந்துவிடும். ஆகவே முடிவுக்கான பிடியைப் போடும்போது இடுப்பைவிடத் தலைதான் மையத்துக்கு அருகில் இருக்க வேண்டும். முகம், நகராமல் நிற்கும் முதன்மைக் கேமராவைப் பார்த்து இருக்க வேண்டும், ஏனென்றால் சப்மிஷனில் கதை முகத்தில் நடக்கிறது. கயிற்றுக்கு இரண்டு அடியில் பிடியைப் போட்டுவிட்டு, கிடப்பவர் கையை நீட்டாமல் தட்டினால், அவர் தோற்கச் சம்பளம் வாங்கியவர் என்று கடைசி வரிசைக்கும் தெரிந்துவிடும்.

1997 மார்ச் 23, ரெஸில்மேனியா 13. மறுபடியும் ஹார்ட், ஆஸ்டின். சப்மிஷனால் மட்டுமே முடியும் ஆட்டம், சிறப்பு நடுவர் கென் ஷாம்ராக். ஆஸ்டினின் நெற்றி பிளந்து ரத்தம் முகமெல்லாம் வழிகிறது. ரிங்கின் நடுவில் ஷார்ப்ஷூட்டர். ஆஸ்டின் கைகளை ஊன்றி உடலை மேலே தள்ளுகிறார், ஒரு கணம் பிடி அவிழ்கிறாற்போல் ஹார்ட் தடுமாறுகிறார், மறுபடி அமர்கிறார். பல்லிடுக்கில் ரத்தம் தெரிய ஆஸ்டின் கத்துகிறார். தட்டவில்லை. தலை சாய்கிறது. ஷாம்ராக் கேட்கிறார், பதில் இல்லை, ஆட்டத்தை நிறுத்துகிறார். “கைவிட்டேன்” என்று சொல்லாதவர் தோற்றார், ஆகவே தோல்வி அவர் உடலுடையது, அவருடையது இல்லை. மணிக்குப் பிறகும் ஹார்ட் அடிக்கப் போனதும், ஷாம்ராக் அவரை இழுத்துத் தள்ளியதும், ஆஸ்டின் யார் தோளையும் பிடிக்காமல் தானே நடந்துபோனதும் சேர்ந்து, உள்ளே வரும்போது நல்லவராக வந்தவர் கெட்டவராகவும், கெட்டவராக வந்தவர் நாயகனாகவும் வெளியேறினார்கள். ஒரே முடிவில் இரண்டு பேரும் இடம் மாறுவது லேசில் அமையாது. அமைந்ததற்குக் காரணம் அந்தத் தலைச்சாய்வு. தட்டியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

அதே ஆண்டு நவம்பர் 9, மான்ட்ரியல். இந்த முறை ஷார்ப்ஷூட்டரில் கிடந்தவர் ஹார்ட், போட்டவர் மைக்கேல்ஸ். ஹார்ட்டுக்குச் சொல்லப்பட்டிருந்தது ஒன்று. ரிங் ஓரத்தில் நின்ற நிறுவன முதலாளி வின்ஸ் மக்மஹன் மணியடிக்கச் சொன்னது வேறொன்று. ஹார்ட் தட்டவே இல்லை. நடுவர் ஏர்ல் ஹெப்னர் சைகை காட்டினார், மணி அடித்தது. இது சரியா தவறா என்ற வழக்கை இங்கே திறக்கப் போவதில்லை; அதற்கு ஆயுள் போதாது. ஆனால் அந்த முடிவை நீங்கள் எத்தனை முறை நகலெடுத்துவிட்டீர்கள்! அடுத்த ஆண்டே, 1998 சர்வைவர் சீரிஸில், ராக் மேன்கைண்டுக்கு ஷார்ப்ஷூட்டர் போட்டதும் மக்மஹன் மணியடிக்கவைத்தார். சரி, அது ஓராண்டு முன் நடந்ததை நினைவூட்டிய குறும்பு, ஒரு முறைக்குத் தகும். அதற்குப் பின் வந்தவற்றில் 2011 ஜூலை 17-இல் சிகாகோ அருகே ரோஸ்மாண்டில் சிஎம் பங்க் - ஜான் சீனா ஆட்டம் மட்டும்தான் தேறும். காரணம், மணியடிக்கச் சொன்ன சதியைச் சீனாவே போய்த் தடுத்தார். திரும்பி ரிங்குக்கு வந்தவர் பங்கின் ஃபினிஷரான கோ டு ஸ்லீப்பில் விழுந்தார். பழைய சதியை எதிர்பார்க்கவைத்து, அதை முறித்து, அந்த முறிவையே தோல்விக்குக் காரணமாக்கினார்கள். மற்றபடி, மான்ட்ரியலை இனி தொடாதீர்கள். ஏமாற்றப்பட்ட ஒருவரின் நிஜமான திகைப்பை ஒத்திகை பார்த்து வாங்க முடியாது.

கவனச்சிதறல் முடிவுகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, எல்லாருக்கும் சலித்துவிட்டது. ஒருவர் ஜெயிக்கும் நிலையில் இருக்கிறார், எங்கிருந்தோ மூன்றாமவரின் இசை ஒலிக்கிறது, இவர் எதிராளியை மறந்து நுழைவாயிலைப் பார்த்து வாயைப் பிளக்கிறார், பின்னாலிருந்து ரோல்-அப். பத்து வருடம் மோதிய அனுபவசாலி, பாட்டுச் சத்தம் கேட்டதும் முதுகைக் காட்டுகிறார் என்றால் அவரை ஏன் நாங்கள் சாம்பியனாக நம்ப வேண்டும்? குறுக்கீடு வேண்டுமானால் அது உடலைத் தொட வேண்டும். 1987 மார்ச் 29, ரெஸில்மேனியா 3-இல் மேல்கயிற்றில் ஏறிய ராண்டி சாவேஜை ஜார்ஜ் ஸ்டீல் தள்ளிவிட்டார். சாவேஜ் விழுந்தார், எழுந்தார், ரிக்கி ஸ்டீம்போட்டைத் தூக்கப் போனார், ஸ்டீம்போட் அவரை அப்படியே சுருட்டி ஸ்மால் பேக்கேஜ் போட்டார். குறுக்கிட்டவருக்கு அந்தக் கதையில் பழைய பகை இருந்தது, விழுந்த வலி நிஜமாகத் தெரிந்தது, கடைசி உத்தி ஸ்டீம்போட்டுடையது. பத்து நொடிக்குள் மூன்றும் இருந்தன.

நடுவரை வீழ்த்துவதும் இதே சங்கதி. 130 கிலோ ஆட்கள் ஒருவர்மீது ஒருவர் விழுந்து எழுகிறார்கள். நடுவர்மீது முழங்கை உரசினால் நான்கு நிமிடம் நினைவில்லை. காற்றடித்தால் சாயும் நடுவரின் மூன்று எண்ணிக்கைக்கு என்ன அதிகாரம் மிஞ்சும்? இரண்டாவது நடுவர் ஓடிவந்து எண்ணி, பிறகு முதல் நடுவர் விழித்து அதை ரத்துசெய்வதற்கு டஸ்டி ஃபினிஷ் என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1985 ஸ்டார்கேடில் டஸ்டி ரோட்ஸ் ரிக் ஃபிளேரை வென்றதாக அறிவித்து, கூட்டம் கொண்டாடிப் போன பிறகு அதைத் தகுதிநீக்க வெற்றியாக மாற்றி, பட்டத்தை ஃபிளேரிடமே திருப்பினார்கள். ஒரு முறை செய்தால் ஆத்திரம் வரும், அந்த ஆத்திரத்தை அடுத்த டிக்கெட்டாக மாற்றலாம். அடிக்கடி செய்தால் மூன்றாவது தட்டுக்கே யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். “எப்படியும் மாத்திடுவாங்க” என்று உட்கார்ந்திருப்பார்கள்.

நடுவரின் கை ஒரு ஆண்டு உழைப்பையே கவிழ்க்கும் என்பதற்கு 1997 டிசம்பர் 28 ஸ்டார்கேட் போதும். ஸ்டிங் ஓராண்டுக்கு மேலாகப் பேசாமல், அரங்கின் கூரையில் நின்று ஹோகனை முறைத்துக்கொண்டிருந்தார். அந்த இரவின் கதைப்படி நடுவர் நிக் பேட்ரிக் ஹோகனுக்காக வேகமாக எண்ண வேண்டும். முந்தைய மாதம் மான்ட்ரியலில் ஏமாற்றப்பட்ட பிரெட் ஹார்ட் வந்து “மறுபடி இது நடக்க விடமாட்டேன்” என்று தடுக்க வேண்டும். பேட்ரிக்கின் எண்ணிக்கை சாதாரண வேகத்தில் விழுந்தது. ஸ்டிங் எழவில்லை. அதாவது நாங்கள் கண்ணால் பார்த்தது, ஹோகன் ஒழுங்காகவே ஜெயித்தார் என்பது. ஹார்ட் வந்து நியாயம் பேசியபோது எந்த அநியாயத்துக்கு என்று யாருக்கும் விளங்கவில்லை. ஸ்டிங் பிறகு சப்மிஷனில் வென்றார், பட்டமும் வாங்கினார், ஆனால் அந்த வெற்றியில் ஒட்டிய அழுக்கு போகவில்லை. வேக எண்ணிக்கை என்று எழுதினால், மூன்று தட்டும் ஒன்றரை நொடிக்குள் விழ வேண்டும். அதை நடுவரோடு மேட்டில் உட்கார்ந்து கையால் தட்டிப் பார்த்துவிட்டே அனுப்புங்கள். வாயால் சொல்லிவிட்டால் போதாது.

திட்டம் கெடும்போது என்ன செய்வது என்பதுதான் நீங்கள் குறைவாக யோசித்திருக்கும் இடம் என்று நினைக்கிறோம். 2005 ஜனவரி 30, மேல்கயிற்றைத் தாண்டி விழுந்து தரையைத் தொட்டவர் வெளியேறும் ராயல் ரம்பிளில் கடைசி இருவர் பட்டிஸ்டாவும் சீனாவும் கயிற்றுக்கு மேல் சேர்ந்தே விழுந்து, சேர்ந்தே தரையைத் தொட்டார்கள். நடுவர்கள் ஆளுக்கொரு கையைத் தூக்கினார்கள். கோபமாக வந்த மக்மஹன் ரிங்குக்குள் ஏறும்போது இரண்டு தொடைத் தசைகளும் கிழிந்து, நிற்க முடியாமல் உட்கார்ந்தபடியே மறுதொடக்கத்துக்கு உத்தரவிட்டார். பட்டிஸ்டா ஜெயித்தார். வேடிக்கை என்னவென்றால் 1994 ரம்பிளில் பிரெட் ஹார்ட்டும் லெக்ஸ் லூகரும் ஒரே நேரத்தில் விழுந்தது திட்டமிட்டது. திட்டமிட்டதைவிடத் திட்டமிடாதது நம்பும்படி இருந்தது. அவர்களைக் காப்பாற்றியது நடுவர்கள் உடனே பிடித்துக்கொண்ட வாக்குவாதம். யாராவது ஒருவர் திருதிருவென்று விழித்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

அதிலும் மோசமானது உயிருக்கு வந்தது. 1997 ஆகஸ்ட் 3, சம்மர்ஸ்லாம். ஓவன் ஹார்ட் ஆஸ்டினைத் தலைகீழாகப் பிடித்து, முழங்காலில் இறங்காமல் உட்கார்ந்தபடி பைல்டிரைவர் போட்டார். முழங்காலில் இறங்கினால் தொடையின் உயரம் தலைக்குக் காவல். உட்கார்ந்து இறங்கும்போது அந்த உயரம் கிடையாது. தலை தொடைக்குக் கீழே கொஞ்சம் தொங்கினாலும் அதுதான் முதலில் தரையில் மோதும். மோதியது. ஆஸ்டினுக்குக் கைகால் அசையவில்லை. எழுதிவைத்த முடிவோ ஆஸ்டின் ஜெயிப்பது. ஓவன் கூட்டத்தைப் பார்த்துக் கேலி பேசி நேரம் ஓட்டினார். ஆஸ்டின் ஊர்ந்துவந்து, பார்க்கவே பலவீனமான ஒரு ரோல்-அப்பில் அவரைச் சரித்தார். ஓவன் மூன்று எண்ணும்வரை கிடந்தார். ஓவனின் நிதானத்தை மெச்சலாம். ஆனால் கழுத்தடிபட்ட மனிதர் ஊர்ந்தது, முடிவை மாற்ற யாரும் துணியாததால். 2003 மார்ச் 30, ரெஸில்மேனியா 19-இல் பிராக் லெஸ்னர் ஷூட்டிங் ஸ்டார் பிரெஸ் குதித்து, சுற்று முடியாமல் தலைகுத்தி விழுந்தபோதும் இதே கதை. கர்ட் ஆங்கிள் கிடந்த இடம் மூலையிலிருந்து அந்தத் தாவலுக்கு எட்டாத தூரம். மூளை அதிர்ந்த நிலையில் லெஸ்னர் எழுந்து தன் ஃபினிஷரான எஃப்-5 போட்டு ஆட்டத்தை முடித்தார். இரண்டு ஆட்டமும் “மறக்க முடியாத முடிவுகள்” பட்டியலில் இருக்கின்றன. இந்த வகை நினைவு எங்களுக்கு வேண்டாம்.

ஆகவே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு முடிவு எழுதுங்கள். இரண்டாவது முடிவில் அடிபட்டவர் யாரையும் தூக்கக் கூடாது, எதிலும் ஏறக் கூடாது, கழுத்தை வளைக்கக் கூடாது. அடிபட்டவர் தோற்கிற வடிவம் ஒன்று, ஜெயிக்கிற வடிவம் ஒன்று. காயம் என்று நடுவர் கைகளைக் குறுக்கே தூக்கிக் காட்டிய மறுநொடி அது அமலுக்கு வரட்டும், பட்டமே கைமாறினாலும் சரி. அடிபட்டது தலை அல்லது கழுத்து என்றால் எந்த வடிவமும் வேண்டாம், நிறுத்திவிடுங்கள். உயரத்திலிருந்து குதிக்கும் முடிவு என்றால், எதிராளி எங்கே கிடக்க வேண்டும் என்பதை மதியமே ரிங்கில் காலால் அளந்து வையுங்கள். தளர்ந்துபோன காலால் மூன்றில் இரண்டு பங்கு தூரம்தான் தாவ முடியும் என்று கணக்கு வையுங்கள். காதில் கருவியோடு நிற்கும் நடுவருக்கு “நேரமாச்சு, முடிங்க” என்ற உத்தரவு வந்ததும் ஆட்டக்காரர்கள் பரபரப்பதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. இரண்டு நிமிடம் முன்னால் சொல்லுங்கள். கடைசி முப்பது நொடியில் சொல்லாதீர்கள்.

கடைசியாக, மணிக்குப் பிறகு. 1971 ஜனவரி 18-இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், ஏழரை ஆண்டுக்கு மேல் சாம்பியனாக இருந்த புரூனோ சம்மார்ட்டினோவை இவான் கோலாஃப் மேல்கயிற்றிலிருந்து முழங்காலால் இறங்கி வீழ்த்தினார். அரங்கம் அப்படியே அடங்கியது. கலவரம் வந்துவிடும் என்ற பயத்தில் கோலாஃபுக்குச் சாம்பியன் பட்டையை ரிங்கில் வைத்துக் கொடுக்கவில்லை. 2014 ஏப்ரல் 6-இல் நியூ ஆர்லியன்ஸில் லெஸ்னரின் மூன்றாவது எஃப்-5-க்குப் பிறகு ரெஸில்மேனியாவில் அண்டர்டேக்கரின் தொடர்ச்சியான 21 வெற்றிகள் முடிந்தபோதும் அதே அமைதி. லெஸ்னரின் இசை உடனே எழவில்லை. திரையில் 21-1 வரும்வரை, நடுவர்தான் தப்பாக எண்ணிவிட்டார் என்றே பலர் நினைத்தார்கள். வாயில் கைவைத்தபடி நின்ற முகங்களைக் கேமரா ஒவ்வொன்றாகக் காட்டியது. அன்று அந்த முடிவைச் செதுக்கியது அந்த அமைதி.

இப்போதோ மூன்றாவது தட்டும் இசையும் ஒரே நொடியில் விழுகின்றன. சில இரவுகளில் இசை முந்திக்கொள்கிறது. 2008 மார்ச் 30, ஆர்லாண்டோவை நினைத்துப் பாருங்கள். தோற்றால் ஓய்வு என்ற நிபந்தனையில் ரிக் ஃபிளேர் கண்ணீரோடு முஷ்டியை உயர்த்தி நிற்கிறார். எதிரே மைக்கேல்ஸ், “மன்னித்துவிடுங்கள், உங்களை நேசிக்கிறேன்” என்று வாயசைத்துவிட்டு உதைக்கிறார். மூன்று தட்டு. ஃபிளேரின் பக்கம் குனிந்துவிட்டு மைக்கேல்ஸ் விறுவிறுவென்று வெளியேறுகிறார், ரிங்கை அந்த ஒரு ஆளுக்கு விட்டுக்கொடுத்து. வென்றவருக்கே அது தெரிந்திருந்தது. இசைப் பொத்தானில் விரல் வைத்திருப்பவரிடம் சொல்லுங்கள்: மூன்றாவது தட்டு விழுந்த பிறகு, மனதுக்குள் ஐந்துவரை எண்ணிவிட்டு அழுத்தட்டும்.

இப்படிக்கு,
முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை எழுந்துபோகாமல் பார்க்கும் ரசிகர்கள்